வடசென்னையிலிருந்து ஜவ்வாது மலைக்கு கிராவல் சைக்கிள் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாகவே சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு, ஹாரன் சத்தமே இல்லாத மண்பாதையில் ஒரு நாள் முழுக்க ஓட்டவேண்டும் என்று ஆசை இருக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கமிருந்து மாலையில் கிளம்பினால் மறுநாள் காலையில் அப்படிப்பட்ட மலைக்காட்டின் அடிவாரத்தில் இருக்கலாம். திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் ஜவ்வாது மலைதான் அது. கிராவல் சைக்கிள் என்றால் மண், சரளைப் பாதைகளுக்கென்று அகலமான டயர் போட்ட சைக்கிள்.

முதல்முறை போகிறவர்களின் பயணம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் சிக்கிக்கொள்கிறது. ஒன்று வனத்துறைச் சோதனைச் சாவடி, மற்றொன்று ரயில்வே பார்சல் ஆபீஸ். அதனால் இந்தக் கட்டுரை சைக்கிளைவிட அவற்றைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

1. வரைபடத்தில் கோடு இருந்தால் மட்டும் அது நமக்கான பாதை ஆகிவிடாது

மலையில் மண்பாதைகள் இரண்டு வகை. மலைக்கிராமங்களை இணைக்கும் ஊராட்சிச் சாலைகளும் வண்டிப்பாதைகளும் ஒரு வகை. இவற்றில் ஊர்க்காரர்கள், பால்காரர், ரேஷன் வண்டி என எல்லோரும் போவார்கள், நீங்களும் போகலாம். காப்புக்காட்டுக்குள் (சட்டப்படி பாதுகாக்கப்படும் காடு) வனத்துறை தன் ரோந்துக்கும் தீத்தடுப்புக்கும் போட்ட பாதைகள் இரண்டாவது வகை. 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். ஓட்டுவது சைக்கிள், புகை விடாது, சத்தம் போடாது என்பதெல்லாம் அங்கே செல்லாது. சைக்கிளைப் பறிமுதல் செய்யவும் அபராதம் போடவும் வாய்ப்பு உண்டு. ஜவ்வாது சந்தன மரங்களுக்குப் பேர்போன காடு. உள்ளே திரியும் வெளியூர் ஆட்களை வனத்துறை சந்தேகத்தோடுதான் பார்க்கும், பார்க்கவும் வேண்டும்.

ஃபோனில் இருக்கும் வரைபடங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டாது. நீங்களே பிரித்துக்கொள்ள மூன்று வழிகள் உண்டு. முதலில் செயற்கைக்கோள் படத்தில் பாதையின் இரு நுனியையும் பாருங்கள். இரண்டு பக்கமும் வீடுகளும் வயல்களும் இருந்தால் அது ஊர்ப்பாதையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு நுனி காட்டுக்குள் போய் மறைந்தால் அதை விட்டுவிடுங்கள். சர்வே எண் கிடைத்தால் தமிழ்நாடு அரசின் நில ஆவண இணையதளத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். நிலம் பட்டாவா, புறம்போக்கா, வனமா என்று அதில் தெரியும். கடைசி வழி, இதுவே மிகவும் நம்பகமானது: அந்த ஊரின் கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சி அலுவலகத்திலோ நேரில் கேட்பது.

போகும் வழியில் எல்லைக்கல்லோ, "காப்புக்காடு" என்று எழுதிய பலகையோ கண்ணில் பட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று போவதில்தான் வம்பே வருகிறது.

இன்னொன்று. மலைக்கிராமங்களுக்குத் தார்ச்சாலை வந்துகொண்டே இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது எத்தனை அவசியம் என்று பிரசவத்துக்கு இறங்கி வந்த பெண்களைக் கேட்டால் தெரியும். ஆனால் மூன்று வருடம் முன்பு யாரோ ஓட்டிப் பதிவு செய்த ஜிபிஎக்ஸ் தடத்தை (ஃபோனில் திறக்கும் வழித்தடக் கோப்பு) நம்பிப் போனால் பாதித் தூரம் தாராக இருக்கும். இந்த ஆண்டுத் தடமாகத் தேடுங்கள்.

2. அனுமதிக் கடிதம்

உங்கள் வழியில் ஒரு துண்டாவது காப்புக்காட்டைக் கடந்தால் அந்த வனக் கோட்டத்தின் மாவட்ட வன அலுவலருக்குக் கடிதம் எழுத வேண்டும். வனவரோ காப்பாளரோ வாய்மொழியாகச் சொல்லும் சம்மதம் அடுத்த சோதனைச் சாவடியில் எடுபடாது. பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து அலுவலக நேரத்தில் தொலைபேசியில் நினைவூட்டுங்கள். மலையின் ஒரு பக்கம் திருப்பத்தூர் கோட்டத்திலும் மறுபக்கம் திருவண்ணாமலைக் கோட்டத்திலும் வரும். இரண்டையும் தொட்டால் இரண்டு கடிதம். ஒன்றை வாங்கிவிட்டு மற்றதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய.

கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கு. பொருள்: ___ கிராமத்திலிருந்து ___ கிராமம் வரையுள்ள வனப்பாதையில் மிதிவண்டியில் செல்ல அனுமதி கோருதல். ஐயா/அம்மையீர், கீழே பெயர் குறிப்பிட்டுள்ள ___ பேர், ___ தேதி காலை 7 மணி முதல் மாலை 4 மணிக்குள் மேற்கண்ட பாதையில் மிதிவண்டியில் செல்ல விரும்புகிறோம். காட்டில் தங்கமாட்டோம். தீ மூட்டமாட்டோம். பிளாஸ்டிக், ட்ரோன் எடுத்துச் செல்லமாட்டோம். வனப் பணியாளர் உடன்வர வேண்டுமெனில் அதற்கான கட்டணத்தைச் செலுத்துகிறோம்."

இதோடு எல்லோருடைய ஆதார் நகல், செல்பேசி எண், வீட்டில் இருக்கும் ஒருவரின் எண், கையால் வரைந்த பாதைப் படம். படத்தில் ஊர்ப்பெயர்களைத் தமிழில் எழுதுங்கள். வனச்சரக அலுவலகத்தில் அதைப் பார்க்கிறவருக்கு அட்சரேகை எண்களைவிட ஊர்ப்பெயர்தான் உதவும். கட்டணம் கேட்டால் கட்டி ரசீது வாங்குங்கள். அனுமதி இல்லை என்று பதில் வந்தால் ஊர்ப்பாதைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் பயணத்துக்கு அவையே தாராளம்.

அரசின் ட்ரெக் தமிழ்நாடு தளத்தில் முன்பதிவு செய்யும் பாதைகள் வழிகாட்டியோடு நடந்து போவதற்கானவை. அந்தச் சீட்டைக் காட்டி சைக்கிளை உள்ளே கொண்டுபோக முடியாது.

3. மாதம்

டிசம்பர் கடைசி வாரம் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை நல்ல காலம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை காட்டுத்தீ அபாயத்தால் மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறார்கள். அப்போது வனத்துறை அனுமதியை எதிர்பார்க்காதீர்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரிலும் போகலாம், ஆனால் பிற்பகல் இடிமழைக்கு முன்பே கூரைக்குள் வந்துவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் போகவே வேண்டாம். நனைந்த செம்மண் டயரில் அப்பி, ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாது. பெரிய மழை பெய்தால் இரண்டு முழு வெயில் நாள் காத்திருந்து கிளம்புங்கள்.

4. சைக்கிள்

கிராவல் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. 38 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான டயர் ஏறுகிற ஹைப்ரிட், பழைய 26 அங்குல எம்டிபி (மலைச் சைக்கிள்), எல்லாம் போகும். டயருக்கும் ஃப்ரேமுக்கும் இடையே இரு பக்கமும் சுண்டுவிரல் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கியரில் ஒரு கணக்குப் போதும். முன்பல்லின் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) மிகச்சிறிய எண்ணிக்கை, பின்பல்லின் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) மிகப்பெரிய எண்ணிக்கைக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும். முன்னால் 30, பின்னால் 34 என்றால் நிம்மதி. முன்னால் 34, பின்னால் 28 என்றால் சரளை ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்க வேண்டிவரும். எழுந்து நின்றால் பின்சக்கரத்தில் எடை குறையும், டயர் வழுக்கும், இறங்கித் தள்ள வேண்டியதுதான். கேசட்டை (பின்பல் அடுக்கு) மாற்றுவது இந்த விஷயத்தில் நல்ல முதலீடு. ஆனால் பின் டிரெய்லர் (கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் கருவி) எத்தனை பல் வரை தாங்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்டபின் வாங்குங்கள்.

காற்றழுத்தத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். சிட்டியில் 70, 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடித்துப் பழகிய கை, மலையிலும் அதையே அடிக்கும். கல்லாகிவிட்ட டயர் ஒவ்வொரு கூழாங்கல்லிலும் துள்ளும், திருப்பத்தில் பிடிக்காது, மணிக்கட்டு ஒரு மணி நேரத்தில் மரத்துப்போகும். 40 மி.மீ. டயர், உள்ளே டியூப், ஓட்டுகிறவர் 65 முதல் 75 கிலோ என்றால் முன்னால் 38, பின்னால் 43 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். டியூப்லெஸ் என்றால் முன்னால் 30, பின்னால் 34. அதற்காக ஒரேயடியாகக் குறைத்தாலும் ஆபத்து. கல் இடிக்கும்போது டயர் நசுங்கி, டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே சிக்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். பஞ்சரைப் பிரிக்கும்போது அப்படி இரட்டை ஓட்டை தெரிந்தால் 4 பிஎஸ்ஐ கூட்டுங்கள். ஒற்றை ஓட்டை என்றால் முள். டியூபை ஒட்டி உடனே மாட்டிவிடாதீர்கள். ஒரு பஞ்சுத் துண்டை டயரின் உட்புறம் முழுக்கத் தடவிக்கொண்டே வாருங்கள். ஒடிந்து நிற்கும் முள்நுனியில் பஞ்சு சிக்கும். விரலால் தேடினால் விரலைக் குத்தும், நகத்தளவு முள் தட்டுப்படாமலும் போகும். சீமைக்கருவேல் முள் இருக்கும் இடமெல்லாம் இந்த ஐந்து நிமிட வேலை இரண்டாவது பஞ்சரைத் தடுக்கும். டியூப்லெஸ்காரர்கள் சென்னை வெக்கையில் சீலன்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம்) சீக்கிரம் காய்ந்துபோகும் என்பதை மறக்க வேண்டாம். கிளம்பும் முன் டயரைக் குலுக்கிப் பாருங்கள். தளும்பும் சத்தம் கேட்கவில்லை என்றால் ஊற்றுங்கள்.

ரிம் பிரேக் உள்ளவர்கள் நீண்ட இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வரக் கூடாது. ரிம் சூடாகி டியூப் வெடிக்கும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றி விட்டுப் பிடியுங்கள், பாதியில் நின்று ஆறவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் கட்டை எவ்வளவு மீதி இருக்கிறது என்று கிளம்புமுன் பார்த்துவிடுங்கள். மலையில் அதை வாங்கக் கடை கிடையாது.

பையில்: இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் செட், கைப்பம்ப், டயர் லீவர், செயின் டூல், உங்கள் ஃப்ரேமுக்கே உரிய டிரெய்லர் ஹேங்கர் (டிரெய்லரை ஃப்ரேமோடு பிடித்து வைக்கும் சிறு தகடு) ஒன்று, நாலைந்து ஜிப் டை. ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. முன்கூட்டியே வரவழைத்து வையுங்கள்.

5. ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு சோதனை ஓட்டம்

சைக்கிளையும் உங்களையும் நேரே மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஊத்துக்கோட்டை பக்கம் தமிழக எல்லையில் நுழையும் கிருஷ்ணா கால்வாய், பூண்டி ஏரி வரை ஏறத்தாழ 25 கி.மீ. வருகிறது. அந்தப் பக்கத்து ஊர்களின் மண்பாதைகள் நல்ல பயிற்சிக்களம். பூண்டிக்கு மேற்கே அல்லிக்குழி, குடியம் பகுதியில் மண்ணோடு உருண்டைக் கற்கள் கலந்து கிடக்கும். டயருக்கு அடியில் உருளும் கல்லில் ஓட்ட அங்கே கற்றுக்கொண்டால் ஜவ்வாது எளிது. கால்வாய்க் கரையில் நீர்வளத் துறையின் கேட்டோ தடைப் பலகையோ இருந்தால் உள்ளே போகாதீர்கள். குடியம் குகைக்குப் போகும் பாதை காப்புக்காட்டுக்குள் வருவது, அதற்கும் அனுமதி வேண்டும்.

ஞாயிறு விடியற்காலை பெரம்பூர், ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர் வழியாகப் போங்கள். மணலி, மாதவரம் உள்வட்டச் சாலையை அந்த நேரத்தில் தவிர்க்கவும். துறைமுக லாரிகளுக்குக் கிழமை கிடையாது. இந்தச் சோதனையில் மண்ணில் மட்டும் 25 கி.மீ. தாங்கினால் மலைக்குத் தயார்.

6. ரயிலில் சைக்கிளை ஏற்றுவது

இந்த வேலைக்கு யோசிக்காமல் எடுக்க வேண்டிய ரயில் ஏலகிரி எக்ஸ்பிரஸ், எண் 16089. மாலையில் சென்ட்ரலில் புறப்பட்டு இரவில் ஜோலார்பேட்டையில் முடிகிறது. திரும்பும் 16090 விடியற்காலை ஜோலார்பேட்டையிலேயே தொடங்குகிறது. இரண்டு முனையிலும் வண்டி நின்று கிடப்பதால் பிரேக் வேனிலிருந்து (ரயிலில் சாமான் ஏற்றும் பெட்டி) சைக்கிளை நிதானமாக இறக்கலாம், ஏற்றலாம். வேறு விரைவு ரயில்கள் ஜோலார்பேட்டையில் நின்றாலும் சில நிமிடம்தான். பெட்டி திறக்குமுன் வண்டி நகர்ந்து, உங்கள் சைக்கிள் சேலத்துக்கோ பெங்களூருக்கோ போய்விடும்.

பெரம்பூரில் ஏறலாமே என்று வடசென்னைக்காரர்களுக்குத் தோன்றும். ஆள் ஏறலாம், சைக்கிளை ஏற்ற அங்கே நேரம் போதாது. சென்ட்ரலுக்கே வந்துவிடுங்கள்.

வரிசை இதுதான்:

முதலில் பயணச்சீட்டு. பின் புறப்படும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே பார்சல் ஆபீசுக்குப் போங்கள். அரை மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் புக்கிங் நின்றுவிடும். கவுன்டரில் "லக்கேஜ்" என்று சொல்லுங்கள், "பார்சல்" என்று சொல்லாதீர்கள். லக்கேஜ் என்றால் உங்கள் சீட்டோடு அதே ரயிலில் வருவது. பார்சல் என்றால் இடம் கிடைக்கும் ரயிலில் வருவது, அது நாளை மறுநாளாகவும் இருக்கலாம். சில ரயில்களில் பிரேக் வேனைத் தனியார் குத்தகைக்கு எடுத்திருப்பார்கள். அதனால் "இன்னைக்கு வண்டியில ஏறுமா சார்?" என்று கேட்டு உறுதி செய்தபின் பணம் கட்டுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: பயணச்சீட்டு நகல், அடையாள அட்டை நகல், சைக்கிள் வாங்கிய பில் நகல். பில் இல்லாவிட்டால் ஃப்ரேம் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுவது: பெடல்களைக் கழற்றுங்கள். இடது பெடல் எதிர்த்திசையில் கழலும். ஹேண்டில்பாரைத் திருப்பி ஃப்ரேமோடு சேர்த்துக் கட்டுங்கள். பின் டிரெய்லரைக் கழற்றித் துணியில் சுற்றிச் சட்டத்துக்குள் கட்டினால் ஹேங்கர் வளையாது. லைட், மீட்டர், பாட்டில் எதையும் சைக்கிளில் விட்டுவைக்காதீர்கள். கோணிச் சாக்கோ சைக்கிள் கடைகளில் கிடைக்கும் அட்டைப்பெட்டியோ போதும். பெயர், செல் எண், புறப்படும் ஊர், சேரும் ஊர், பிஎன்ஆர் ஆகியவற்றை மார்க்கரால் இரண்டு இடத்தில் எழுதுங்கள். ஒரு அட்டை கிழிந்தாலும் மற்றது இருக்கும்.

ரசீது வாங்கியதோடு வேலை முடியவில்லை. சைக்கிள் பிரேக் வேனில் ஏறுவதைக் கண்ணால் பார்த்தபின் உங்கள் பெட்டிக்குப் போங்கள். ரசீதைத் தொலைத்தால் இறக்குமிடத்தில் கொடுக்கமாட்டார்கள். ஃபோனிலும் படம் எடுத்து வைக்கவும்.

திரும்பும்போது ரயில் விடியலில் கிளம்புவதால் புக்கிங்கை முந்தின நாள் மாலையே ஜோலார்பேட்டையில் பேசி முடித்துவிடுங்கள்.

சைக்கிளை மடக்கிப் பையில் போட்டுப் பெட்டிக்குள் கொண்டுபோவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பெட்டிக்குள் அனுமதிக்கப்படும் அளவு 100 x 60 x 25 செ.மீ. பெரிய சக்கர சைக்கிள் அதற்குள் அடங்காது. புக் செய்யாத அதிகப்படி லக்கேஜுக்கு ஆறு மடங்குக் கட்டணம் வரை வசூலிக்க விதி இருக்கிறது.

நாலைந்து பேர் சேர்ந்தால் குட்டியானை வண்டி வாடகைக்கு எடுத்துச் சைக்கிள்களை மட்டும் அனுப்பலாம். பின்னால் ஆட்கள் உட்கார்ந்து போகக் கூடாது, வழியில் மடக்குவார்கள். வாடகை பேசும்போதே டோல், டிரைவர் படி, திரும்பும் வாடகை மூன்றும் சேர்த்தா என்று கேட்டுவிடுங்கள்.

7. மலையில்

இரவு ஜோலார்பேட்டையிலோ திருப்பத்தூரிலோ தங்கி, காலையில் ஆலங்காயம், காவலூர் வழியாக, மலைமேல் இருக்கும் ஊரான ஜமுனாமரத்தூருக்கு ஏறுங்கள். 50 கி.மீ.க்கு மேல், எல்லாம் தார். வான் ஆய்வகம் இருக்கும் காவலூர் 725 மீட்டர் உயரம். பக்கத்து ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளைவிட இந்த ஏற்றம் பொறுமையானது. முதல் நாளை இதற்கே ஒதுக்குங்கள். ஜமுனாமரத்தூரில் தங்கும் இடங்கள் குறைவு, வார இறுதியில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

மறுநாள் அங்கிருந்து கிராமப் பாதைகள். மண்ணில் புதியவரின் வேகம் மணிக்கு 10 கி.மீ.தான். 35 கி.மீ. என்று திட்டமிட்டால் அது ஒரு முழுநாள். மூன்று லிட்டர் தண்ணீர், நாலு ஓஆர்எஸ் பாக்கெட், கடலைமிட்டாய். டீக்கடை எல்லா ஊரிலும் இருக்காது. செல்பேசி சிக்னல் பல இடங்களில் கிடைக்காது, வரைபடத்தை ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தில் எந்த ஊர் வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வழி கேட்கும்போது "சைக்கிள் போகுமா அண்ணே?" என்று கேட்டால் "தாராளமா போகும்" என்றுதான் பதில் வரும். "டிராக்டர் போகுமா?" என்று கேளுங்கள். டிராக்டர் போகும் பாதையில் நீங்களும் போகலாம். "வண்டி மட்டும்தான் போகும்" என்று பைக்கைச் சொன்னால் மழைநீர் அரித்த பள்ளமும் செங்குத்தும் இருக்கும், தள்ளத் தயாராகப் போங்கள்.

அறுவடை நேரத்தில் சாமையையும் ராகியையும் பாதையிலேயே காயப்போட்டிருப்பார்கள். காருக்கு வேண்டுமானால் வேறு வழியில்லை, சைக்கிளுக்கு உண்டு. இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள். டயரில் ஒட்டும் ஒவ்வொரு மணியும் அவர்களுடைய சாப்பாடு. குழந்தைகளையும் பெண்களையும் கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

கரடிகள் உள்ள மலை இது. விடியலிலும் அந்தியிலும் அவை நடமாடும். காலை 7 மணிக்கு முன்பும் மாலை 5 மணிக்குப் பின்பும் காட்டோரப் பாதையில் இருக்காதீர்கள். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதுதான் ஆபத்து. திருப்பத்துக்கு முன் மணியடியுங்கள். அடிபட்டால் 108. சிக்னல் இல்லாத இடமென்றால் பக்கத்து ஊருக்கு ஒருவர் ஓட வேண்டும், அதனால் மூன்று பேருக்குக் குறைவாகப் போகாதீர்கள்: ஒருவர் அடிபட்டவரோடு, ஒருவர் உதவிக்கு.

8. எவ்வளவு பணம் எடுத்து வைப்பது

ஜோலார்பேட்டைக்கு இரண்டாம் வகுப்பு இருக்கைச் சீட்டு 150 ரூபாய்க்குள் முடியும். சைக்கிளின் கட்டணம் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப மாறும். கட்டும் செலவு, போர்ட்டர் கூலி சேர்த்து ஒரு வழிக்கு 500 ரூபாய் ஒதுக்குங்கள். போர்ட்டரிடம் தொகையைப் பேசிவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள். தங்க, சாப்பிட நாளுக்கு 1,500. மலையில் இணைய வழிப் பணம் எப்போதும் வேலை செய்யாது, சில்லறை நோட்டாக 2,000 வைத்திருங்கள். இரண்டு இரவு, மூன்று நாள் பயணம் ஆளுக்கு 6,000 ரூபாய்க்குள் அடங்கும். குட்டியானை எடுத்தால் கூடும்.

9. திரும்பி வந்த அன்றே

செம்மண் தூசி செயினில் எண்ணெயோடு சேர்ந்தால் அரம் போல பல்லைத் தேய்க்கும். காசிமேடு, திருவொற்றியூர் என்று கடலோரம் வீடு இருந்தால் அதன்மேல் உப்புக்காற்றும் சேர்கிறது. வாளித் தண்ணீரும் பழைய பிரஷும் போதும். வீல் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) மேல் ஹோஸால் பீய்ச்சாதீர்கள், பேரிங்குக்குள் நீர் போகும். செயினைத் துடைத்துக் காயவிட்டு, கண்ணிக்கு ஒரு சொட்டு உலர்வகை செயின் எண்ணெய் விட்டு, பத்து நிமிடம் கழித்து மேலே இருப்பதைத் துடைத்தெடுங்கள். சீட் போஸ்ட்டைக் கழற்றி கிரீஸ் தடவி மறுபடி மாட்டுங்கள். கடலோர வீடுகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யாவிட்டால் அலுமினியம் பிடித்துக்கொண்டு ஃப்ரேமைவிட்டு வரவே வராது. கார்பன் போஸ்ட் என்றால் சாதாரண கிரீஸ் வேண்டாம், அதற்கென்றே உள்ள பேஸ்ட் வாங்குங்கள்.